முனிரத்தினத்தின் மடித்துப்பாக்கி

ஆயுத பூஜை அன்று தென்னேரி ஏரிக்கரையில் கண்ணாயிரத்தின் மார்பைப் பார்த்துச் சுட்ட குண்டு, தை மாதம் வாலாஜாபாத் சந்தையில் அவனிடம் வந்து சேர்ந்தது. இடைப்பட்ட மாதங்களில் அது எங்கே இருந்தது என்று காஞ்சிபுரத்தில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. தபால்கூடச் சில சமயம் அப்படித்தான் வருகிறது என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

சுட்டவர் பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருந்த முனிரத்தினம். எம்டன் கப்பல் சென்னைப் பட்டணத்தின் மேல் குண்டு போட்ட நவராத்திரி அது. பட்டணத்தார் சட்டி பானையோடு ரயிலேறிக் காஞ்சிக்கு ஓடிவந்தார்கள். அப்படி வந்த ஒரு குமாஸ்தா, கையில் காசில்லாமல், ஒரு சின்னத் துப்பாக்கியை முனிரத்தினத்துக்கு அடிமாட்டு விலைக்குக் கொடுத்தார். பெல்ஜியத்தில் செய்தது என்றார். செய்தவன் பெயர் அதில் எங்குமில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும். மடியில் வெற்றிலைப் பைக்குப் பக்கத்தில் செருகி மேலே துண்டைப் போட்டுவிட்டால் பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. போலீஸ் அதிகாரி இடுப்பில் தொங்கவிட்டிருந்த இங்கிலீஷ் துப்பாக்கியை ஒளிப்பதென்றால் பெரிய தொப்பை வேண்டும். விஷயம் தெரிந்தவர்கள், இவ்வளவு மலிவான குட்டித் துப்பாக்கி பயமுறுத்தத்தான் ஆகும், ஆபத்துக்கு உதவாது என்றார்கள். எதையும் பாதி விலைக்கு வாங்கிவிட்டு உலகத்தையே ஏமாற்றிவிட்டதாக நினைக்கிற ஆள் முனிரத்தினம். அவர் காதில் அதெல்லாம் ஏறவில்லை.

பூஜையில் தராசு, படிக்கல், கஜக்கோல், கத்தரிக்கோல் எல்லாவற்றோடும் அந்த வருஷம் துப்பாக்கியையும் வைத்தார்கள். பெரிய ஆயுதம் என்பதால் அதற்குச் சந்தனமும் பெரிதாக அப்பினார்கள். பூஜையில் வைத்த பொருள் மறுநாள் காலை மறுபூஜை ஆகும்வரை ஓய்வில் இருக்கும், அதைத் தொடக்கூடாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இந்த ஒரு விதியைத்தான் மனமுவந்து கடைப்பிடிக்கும். அன்று மத்தியானம் தென்னேரிப் பண்ணையாரிடமிருந்து ஆள் வந்தது. பெண்வீட்டார் பொழுதோடு புறப்படுகிறார்கள், கூறைப்புடவைகளை உடனே கொண்டுவந்து காட்டு என்று. கூப்பிட்டதும் முனிரத்தினம் புடவை மூட்டையோடு வண்டி கட்டிப் புறப்பட்டார். வழியை நினைத்துப் பயந்து, பூஜைப் பலகையிலிருந்து துப்பாக்கியைச் சந்தனத்தோடே எடுத்து மடியில் செருகிக்கொண்டார்.

ஏரிக்கரையில் கண்ணாயிரம் வண்டியை மறித்தான். அந்த வட்டாரத்தில் பெயர் போன வழிப்பறிக்காரன். முனிரத்தினம் துப்பாக்கியை எடுத்து அவன் மார்புக்கு நேராக நீட்டி விசையை அழுத்தினார். டிக் என்றது, அவ்வளவுதான். கண்ணாயிரம் ஓர் அறை விட்டான். “கொலு பொம்ம கணக்கா இருக்குதே மொதலாளி, இத்த வச்சிக்கினா கெளம்பின?” என்று சிரித்துக்கொண்டே புடவை மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனான். அவன் போனபிறகு முனிரத்தினம், கோளாறு எங்கே என்று பார்க்க, குழாயைத் தன் முகத்துப் பக்கமாகத் திருப்பி இடது கண்ணை வைத்து உள்ளே பார்த்தபடி இன்னொரு முறை அழுத்தினார். அப்போதும் டிக்தான்.

பழுது பார்க்கப் போன இடத்தில், வாலாஜாபாத்தில் இருந்த பழைய சிப்பாய் ஒருவர், சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்து கல்லாகிவிட்டது, தோட்டாவை இனி வெளியே எடுக்க முடியாது என்றார். “வெடிக்காத தோட்டா செத்துப்போச்சின்னு நெனைக்காதீங்க. சிலது தாமசமா வெடிக்கும்,” என்றும் சொன்னார். முனிரத்தினத்துக்கு அன்றைக்கே காய்ச்சல் வந்தது. கண்ணாயிரத்துக்கும் ஏனோ அன்றிலிருந்து நெஞ்சில் ஒரு குறுகுறுப்பு. தாயத்துக் கட்டிக்கொண்டு திரிந்தான். தை மாதம் சந்தையில் ஒரு கன்றுக்குட்டியை விலைக்குப் பிடித்தபோது, இனி நமக்கு எதற்கு இது என்று தாயத்தை அவிழ்த்துக் கன்றின் கழுத்தில் கட்டினான். கட்டி முடித்து நிமிர்ந்ததும் குண்டு வந்தது. அதே நேரம் காஞ்சிபுரத்துக் கடையில் புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்த முனிரத்தினத்தின் மடியில் வெடிச்சத்தம் கேட்டது. துண்டுக்கடியிலிருந்து புகை வந்தது. வேட்டியில் ஓட்டை இல்லை. புடவை பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் மாம்பழ நிறத்தை எடுத்துக்கொண்டு போனாள். சாயங்கால ரயிலில் வந்தவர்கள் கண்ணாயிரம் செத்த செய்தியைச் சொன்னார்கள்.

அடுத்தது பங்காளி நமச்சிவாயம். பாகம் பிரித்த வீட்டில் கிணறு பொதுவாக நின்றுபோனது. அதில் யார் முதலில் நீர் இறைப்பது என்ற சண்டையில் முனிரத்தினம் துப்பாக்கியை நீட்டினார். இந்தமுறை தெரிந்தே நீட்டினார். டிக் என்றது. நமச்சிவாயம் அன்றிலிருந்து சோறு இறங்காமல் துரும்பாக இளைத்தார். ஊர் பார்த்துக்கொண்டே இருந்தது. கடைசியில் திருத்தணிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்து, “முருகன் பாத்துக்குவாம்பா,” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, வெகு காலத்துக்குப் பிறகு நிம்மதியாகத் திண்டில் தலை சாய்த்தார். குண்டு அப்போது வந்தது. முனிரத்தினம் அந்த நேரம் ஏகாம்பரநாதர் சந்நிதியில் நின்றிருந்தார். மடி வெடித்தது. குருக்கள் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கற்பூரத்தைத் தொடர்ந்து காட்டினார்.

இதன்பிறகு மலிவுத் துப்பாக்கியை நம்பலாமா என்ற பேச்சு ஊரில் அடியோடு நின்றது. உடனே சுடுகிற துப்பாக்கி குறி தவறும், கை நடுங்கினால் காற்றில் போகும். இது தாமதம் செய்யுமே தவிர ஆளைத் தவறவிடாது. முனிரத்தினம் எங்கே போனாலும் ஒரு கை மடிமேல் இருந்தது. தறிக்காரர்கள் அந்தக் கையைப் பார்த்துவிட்டு அவர் சொன்ன சொல்லுக்கு மறுசொல் பேசுவதில்லை. அவர் தூங்கும்போதுகூட அந்தக் கை அங்கேயேதான் இருக்கும் என்று வீட்டு வேலைக்காரி சொன்னாள். எத்தனை கெட்ட எண்ணம் பாருங்கள் என்று ஊரார் பேசிக்கொண்டார்கள்.

பிள்ளையார்பாளையத்துப் பழனி ஒருவன்தான் மறுசொல் பேசினான். கோர்வைப் புடவை நெய்வதில் அவனுக்கு இணையில்லை. உடலும் கரையும் குறுக்கு நூல் கொண்டுபோகும் தனித்தனி நாடாவில் ஓடி, சேருமிடம் தெரியாமல் சேரும். அமாவாசை அன்று ஊரில் ஒரு தறியும் ஓடாது. ஜமீன் வீட்டுக் கல்யாணத்துக்குப் புடவை முடியவேண்டும், அமாவாசையானாலும் உட்கார் என்று முனிரத்தினம் நேரில் வந்து நின்றார். “தறிக்கு இன்னிக்கி ஓய்வுங்க மொதலாளி. நாளைக்கு விடியசொல்லோ ஒக்காந்துக்கறேன்,” என்றான் பழனி. ஓய்வு என்ற சொல் முனிரத்தினத்துக்கு ஆகாது. துப்பாக்கியை எடுத்துப் பழனியின் மார்புக்கு நேராக அழுத்திவிட்டுப் போய்விட்டார். பக்கத்தில் பழனியின் மனைவி எல்லம்மாள் நூல் இழைத்துக்கொண்டிருந்தாள். அந்த டிக் சத்தம் அவள் காதிலும் விழுந்தது.

எல்லம்மாள் அழுதுகொண்டு உட்காரவில்லை. நமச்சிவாயத்தின் விதவையிடம் போனாள். சந்தைக்குப் போய்க் கன்றுக்குட்டி விற்றவனிடம் கேட்டாள். இரண்டு சாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. எவன் குண்டுக்குக் காத்திருப்பதை விடுகிறானோ, அந்த நிமிஷம் அவனுக்குக் குண்டு வருகிறது. காத்திருக்கிறவனை அது தொடாது. ஆகவே தன் புருஷன் ஒரு நாளும் மறக்கக்கூடாது என்று முடிவு செய்தாள். பயத்தில் வைத்தே அவனைக் காப்பாற்றுவது என்ற அந்தக் கொடிய வேலையை மறுநாள் காலையே தொடங்கிவிட்டாள்.

அவன் கண் விழித்ததும் முகம் கழுவுமுன் காதருகே போய், “குண்டு வருதுய்யா,” என்பாள். கூழ் ஊற்றும்போது சொல்வாள். அவன் ஏதாவது பாட்டை முணுமுணுத்தால் பின்னால் போய் அம்மிக்கல்லில் குழவியை ஓங்கிப் போடுவாள். அவனோடு தறியில் உட்கார ஆட்கள் பயந்ததால், கரை நாடா போடவும் அவளே பக்கத்தில் உட்கார்ந்து, நாடாவுக்கு நாடா அதைச் சொன்னாள். மகளுக்குத் தாலி ஏறும் நேரத்தில் பந்தலே சிரித்த முகமாக இருக்க, பழனியின் முகமும் லேசாக மலர்வதைக் கண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவன் காதில் சொன்னாள். அட்சதை போடவேண்டிய கையை அவன் நெஞ்சில் வைத்துக்கொண்டான். பாவி, பெற்ற மகள் கல்யாணத்தில்கூட இப்படியா என்று பெண்கள் அவளைத் திட்டினார்கள். அவள் அவன் பக்கத்தைவிட்டு நகரவில்லை.

அந்த வருஷங்களில் பழனி நெய்த புடவைகளைக் கட்டிக்கொண்ட மணப்பெண்கள் எல்லோரும் அடிக்கடி திரும்பிப் பின்னால் பார்த்தார்கள். மாமியார்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டதால் அந்தப் புடவைகளுக்கு நல்ல கிராக்கி. ஆனால் ஊருக்குப் பழனியின் மேல் எரிச்சல் ஏறிக்கொண்டே போனது. சாகவேண்டியவன் சாகாமல் இருந்தால் மற்றவர்களுக்கு என்ன மரியாதை. கோயிலில் அவனைச் சுற்றி ஓர் ஆள் இடம் விட்டு நின்றார்கள். அம்பட்டன் சவரம் செய்ய வருவதை நிறுத்தினான். துப்பாக்கி பழசாகிவிட்டது என்று யாரோ பேசியது முனிரத்தினத்தின் காதில் விழுந்தது. அவர் பழனியை மறக்கவைக்கப் பார்த்தார். வீட்டு வாசலில் நாயனக்காரர்களை உட்காரவைத்து வாசிக்கச் சொன்னார். வரதராஜர் கோயில் இட்லி அனுப்பினார். ஒரு பானைக் கள்ளும் அனுப்பினார். எல்லம்மாள் எதையும் திருப்பி அனுப்பவில்லை. நாயனம் வாசித்த நேரமெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து புருஷனின் தொடையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். தொடையில் அந்த இடம் கறுத்துக் காய்த்துப்போனது.

உப்புச் சத்தியாகிரகம் நடந்து ஓரிரு வருஷம் கழித்து, ஓர் அமாவாசை அன்று காலையில் எல்லம்மாள் வழக்கம்போலக் காதருகே வந்தபோது பழனி கையை உயர்த்தி நிறுத்தினான்.

“எல்லு, ஒண்ணு சொல்றேன் கேளு. ஒன்ன பாத்தா எனக்குக் குண்டு ஞாபகந்தான் வருது. இத்தினி வருசமா ஒன் மூஞ்சிய நான் பாக்கவே இல்லமே. இன்னிக்கி தறிக்கே ஓய்வு. எனக்கும் ஒரு நாள் குடு.”

“குடுத்தா நீ போயிடுவய்யா.”

“தெரிஞ்சிதான் கேக்கறேன்.”

எல்லம்மாள் அடுப்படிக்குப் போனாள். உளுந்தை ஊறவைத்தாள். வடையும் பாயசமும் செய்தாள். இலை போட்டுப் பரிமாறும்போது குண்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணத்தன்று மாலை மாற்றும்போது அவன் கடுக்கனில் மாலை மாட்டிக்கொண்டு, இரண்டு பேரும் காளைமாடு மாதிரி இழுத்துக்கொண்டு நின்ற கதையைச் சொன்னாள். பழனிக்குச் சிரிப்பு வந்தது. வடை தொண்டையில் சிக்கி இருமும் அளவுக்குச் சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை நன்றாகப் பார்த்தான். “இன்னாமே, ஒனக்கு இவ்ளோ நரைச்சிப்போச்சி,” என்றான். குண்டு சுவரைத் தொடாமல் சுவர் வழியாக வந்து அவன் மார்பில் இறங்கியது.

கடையில் முனிரத்தினத்தின் மடி வெடித்தது. அவர் துள்ளி எழுந்தார். போனான், போனான் என்று கத்தினார். எல்லோருக்கும் கல்கண்டு கொடுக்கச் சொன்னார். நம்பாதவர்கள் பார்க்கட்டும் என்று துப்பாக்கியை மடியிலிருந்து எடுத்துப் பாய்மேல் வைத்தார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அதைவிட்டுக் கையை எடுத்துக் கல்கண்டுத் தட்டுக்கு நீட்டினார். பாய்மேல் இருந்த துப்பாக்கி மறுபடி வெடித்தது. குண்டு அவருடைய இடது கண்ணில் புகுந்தது. ஏரிக்கரையில் அவர் தன்மேல் அழுத்திய குண்டு அது. மற்றவர்களை மிரட்ட அவர் மடியில் கை வைத்திருந்ததாகத்தான் ஊர் நினைத்திருந்தது. தனக்கு வரவேண்டியதை மறக்காமலிருக்கத்தான் அந்த மனிதர் அதை இரவும் பகலும் தொட்டுக்கொண்டிருந்தார். நினைவுபடுத்த அவருக்கு ஓர் எல்லம்மாள் இல்லை.

கூட்டம் தெருவுக்கு ஓடியது. எதிரே எல்லம்மாள் வந்தாள். கை கழுவியிருக்கவில்லை, விரல்களில் பாயசம் காய்ந்திருந்தது. நேரே கடைக்குள் ஏறி, பிணத்தைத் தாண்டி, துப்பாக்கியை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். டிக் என்றது. இன்னும் பலமுறை அழுத்தியும் அந்த விசை பிறகு நகரவில்லை. துப்பாக்கியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, புருஷனை எடுக்க ஆள் கூப்பிடப் போனாள். இரண்டு பிணமும் ஒரே சமயத்தில் சுடுகாட்டுக்குப் போனதால் பறைக்காரர்களுக்குள் கொஞ்சம் தகராறு வந்தது. துப்பாக்கியைப் போலீஸார் கொண்டுபோனார்கள்.

அன்றிலிருந்து எல்லம்மாள் தன் குண்டுக்குக் காத்திருந்தாள். காலையில் கண் விழித்ததும் வந்ததா என்று நெஞ்சைத் தடவிப் பார்த்தாள். நூல் இழைக்கும்போதும் கூழ் குடிக்கும்போதும் அதையே நினைத்தாள். மறந்தால் வந்துவிடும் என்பது அவளைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. மறக்கத்தான் அவளால் முடியவில்லை. அவள் காலத்தில் கல்யாணமானவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்தார்கள். அம்மை, காலரா எல்லாம் பிள்ளையார்பாளையத்தில் புகுந்து அவள் வீட்டை மட்டும் விட்டுவிட்டுப் போயின.

காய்கறிக்காரி கூடையை இறக்கி வைத்துக்கொண்டே, “இன்னா எல்லம்மா, வந்துச்சா?” என்று கேட்பாள்.

“இன்னும் இல்லம்மா. கத்திரிக்கா எப்பிடி குடுக்கற?” என்பாள் எல்லம்மாள்.