இன்னொரு டம்ளர்

சீட்டுக் குலுக்கியதில் எங்கள் வீடே வந்து விழுந்தது. காங்கேயம் பக்கம் மூன்று குடியிருப்புகளில் வீடு வீடாகக் கேட்டு எழுத வந்திருந்தோம். அதில் ஒன்று நான் பிறந்து வளர்ந்த காலனி. வேறு வீடு கொடுங்கள் என்று பேராசிரியரிடம் கெஞ்சினேன். "விழுந்தது விழுந்ததுதான் கிருபா. அருண்குமார் கேட்கட்டும், நீ எழுது. வாயை மட்டும் திறக்காதே" என்று சொல்லிவிட்டார்.

தொண்ணூற்றாறில் கோயமுத்தூரில் அந்த முதுகலைப் படிப்பு புதிது. பன்னாட்டு வளர்ச்சி என்று பெயர். என்ன படிக்கிறாய் என்று ஊரில் கேட்டால் எனக்கே நாக்குக் குழறும். நான் பொருளாதாரம், அருண்குமார் விவசாயம், மற்றவர்கள் சத்துணவு, சமூகவியல், பொறியியல் என்று ஆளுக்கொரு பக்கமிருந்து வந்து ஒரே வகுப்பில் உட்கார்ந்து, ஏழை ஏன் ஏழையாகவே இருக்கிறான் என்று மல்லுக்கு நிற்போம். அந்தச் சண்டையெல்லாம் சேர்ந்துதான் வீடு வீடாகக் கேட்கும் இந்தக் கேள்வித்தாளாகியிருந்தது. வரும் பதில்களின்படி எந்தக் குடியிருப்பில் தண்ணீர் படுமோசமோ, அங்கே ஆற்றுத் தண்ணீர்க் குழாய் போட வெளிநாட்டு நிறுவனம் ஒன்று ஒப்புக்கொண்டிருந்தது. ஒரே ஒரு குடியிருப்புக்குத்தான்.

எங்கள் காலனிக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. அவ்வளவு உப்பு. ஆனால் அதுவரை போன வீடுகளிலெல்லாம் "நல்லாத்தானுங்க இருக்குது" என்றே சொல்லியிருந்தார்கள். வந்தவர்களிடம் குறை சொல்ல இந்தச் சீமையில் யாருக்கு மனசு வரும்?

அம்மா வாசலில் பாயை உதறிப் போட்டாள். முதல் கேள்வியையும் அவளே கேட்டாள்.

"தம்பிக்கு எந்தூருங்க?"

"அந்தியூருங்க."

"அப்பாரு பண்ணையமுங்களா?"

"ஆமாங்கம்மா. சொந்தக் காடுதானுங்க."

அம்மாவுக்கு அது போதும். முந்தானையைச் செருகிக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள். கலர் சோடா வாங்கத்தான். காடு தோட்டம் என்று நிலம் வைத்திருக்கிறவர்கள் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். மூடி போட்ட பாட்டிலுக்கு மட்டும் தீட்டு இல்லை. அதைக் கண்டுபிடித்தவர்கள் கெட்டிக்காரர்கள்.

"கலர் வேண்டாங்கம்மா. தண்ணி குடுங்க, போதும்" என்றான் அருண்குமார்.

அம்மா நின்றுவிட்டாள். "எங்கூட்டுத் தண்ணிங்களா சாமி?"

தம்பி அதற்குள் சாமியாகியிருந்தான்.

உள்ளே கழுவிக் கவிழ்த்திருந்த டம்ளரை அவள் மறுபடி தேய்க்கும் சத்தம் கேட்டது. கல்லூரியில் கூச்சமில்லாமல் என் டிபன் பாக்ஸில் கைவைக்கிறவன்தான். இங்கே அவன் கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது.

டம்ளரை வாங்கி, வாய் வைத்தே குடித்தான். முதல் மடக்கில் முகம் கோணப் போனது, சமாளித்துக்கொண்டான். மிச்சத்தையும் ஒரே மூச்சில் குடித்து முடித்தான். அந்த ஆட்களில் ஒருவர் அம்மா கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தது அன்றுதான். அம்மாவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

தாளைப் பார்த்துக் கேட்டான். "குடிக்கற தண்ணி எப்படீங்கம்மா இருக்குது?"

"அதுக்கென்னங்க கொறை. நல்ல தண்ணிதானுங்க. நீங்களே குடிச்சீங்களே."

"ஆமாங்க, நல்லாத்தானுங்க இருந்துது."

பாவி. அவன் வேறென்ன சொல்வான், அவனும் இந்தச் சீமையில் வளர்ந்தவன்தானே.

நல்லது, சுமார், மோசம் என்று மூன்று கட்டங்கள். எதில் குறி போட்டாலும் வீட்டுக்காரரிடம் உரக்கப் படித்துக் காட்டவேண்டும் என்பது விதி.

"அம்மா..." என்றேன், வாய் பொறுக்காமல்.

"நீ எழுது கண்ணு." அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "சாமிக்கு இன்னொரு டம்ளர் தரட்டுங்களா?"

அருண்குமார் என்னைப் பார்த்தான். பிறகு டம்ளரை நீட்டினான். அம்மா உள்ளே போனாள்.

மோசம் என்ற கட்டத்தில் குறி போட்டேன். இனி அம்மாவிடம் உரக்கப் படித்துக் காட்டவேண்டியதுதான். அம்மா விளிம்புவரை நிறைந்த டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டும் சிந்தாமல் வாசற்படி தாண்டி வந்துகொண்டிருந்தாள்.