ஆவுடையப்பன் பாதி ரோடு தாண்டிய கதை

சைகோனில் ரோட்டைக் கடக்கப் புறப்பட்டு நடுவில் நின்றுவிடுகிற வெளிநாட்டுக்காரர்கள் அங்கேயே குடியிருந்துகொள்ள வேண்டும். பெரிய சாலைகளின் நடுத்திட்டுகளை அதற்காகவே கொஞ்சம் அகலமாகக் கட்டியிருக்கிறார்கள். பாளையங்கோட்டை ஆவுடையப்பன் அப்படி நின்று, தையும் மாசியும் போய்ப் பங்குனி பிறந்திருந்தது.

நின்றதற்கு அவனைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் பிறந்து வளர்ந்தவன் எவனும் ரோட்டை ஒரே மூச்சில் தாண்டுவதில்லை. பாதியைத் தாண்டுவான், நடுக்கோட்டில் நிற்பான், கழுத்தைத் திருப்புவான், கையைக் காட்டுவான், மீதிப் பாதியை ஓடிக் கடப்பான். வண்ணார்பேட்டையில் இதைச் செய்தே ஆவுடையப்பன் பள்ளிக்கூடத்தையும் காலேஜையும் முடித்திருந்தான். சைகோனில் முறை வேறு. அங்கே மோட்டார் சைக்கிள்கள் ஓய்வதே இல்லை. அவற்றுக்குள் காலை வைத்து, ஓடாமல், நிற்காமல், ஒரே சீராக நடந்து போய்க்கொண்டே இருந்தால் வண்டிகள் தாமாக விலகிக்கொள்ளும். நிற்காதவன் உள்ளூர்க்காரன், நின்றவன் வெளிநாட்டுக்காரன், அவ்வளவுதான் சட்டம். ஆவுடையப்பன் நின்றான். போதாததற்குக் கையையும் காட்டினான்.

கையைக் காட்டினால் அந்த ஊரில் பைக் டாக்சி வரும். வந்தது. வந்த மனிதரை வேண்டாம் என்று திருப்பி அனுப்ப அவனுக்குக் கூச்சமாக இருந்ததால் ஏறி உட்கார்ந்து, எதிர்ப்பக்கம் போகவேண்டும் என்றான். எதிர்ப்பக்கம் போக வண்டியைத் திருப்ப வேண்டும். திருப்புகிற இடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. போகிற வழியில் சந்தையைப் பார்த்தான், மாதாகோவிலைப் பார்த்தான், தெரு முழுக்க வளர்ப்பு மீன் மட்டுமே விற்கிற ஒரு சந்தையும் பார்த்தான். கடைசியில் ஓட்டுநர் அவனைப் பத்திரமாக நடுத்திட்டில் கொண்டுவந்து இறக்கினார். வெளிநாட்டுக்காரரை எங்கே சுற்றிக் கூட்டிப்போனாலும் அவர் குடியிருக்கும் இடத்தில் இறக்கிவிடுவதுதான் அந்தத் தொழிலின் தர்மம். அதற்குப் பிறகும் பழக்கதோஷத்தில் கை அடிக்கடி தானாகத் தூக்கிக்கொண்டது. அந்த வகையில் ஆவுடையப்பன் சைகோனை உள்ளூர்க்காரர்களைவிட நன்றாகவே சுற்றிப் பார்த்திருந்தான்.

வாழ்க்கைக்கு ஒரு குறையும் இல்லை. நூடுல்ஸ் விற்கும் அம்மாள் வண்டியை நிறுத்த மாட்டாள். கிண்ணத்தை நீட்டினால் போகிற போக்கில் நூடுல்ஸைப் போடுவாள். பின்னால் வருகிற வண்டியில் அவளுடைய தங்கை குழம்பு ஊற்றுவாள். கீரை வேண்டுமென்றால் மூன்றாவது வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். ஆவுடையப்பன் வீட்டில் சைவம். குழம்பில் என்ன இருக்கிறது என்று அவனும் கேட்டதில்லை, நிற்காததால் அவர்களுக்கும் சொல்ல நேரமில்லை. முடிவெட்டுகிறவர் ஒரு தடவை போகும்போது ஒரு வெட்டு வெட்டுவார். ஒரு வாரம் போல ஆனாலும் கிருதா இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. ஆபீஸ் வேலையை லேப்டாப்பில் பார்த்தான். சென்னையிலிருந்த மேனேஜர் மட்டும், பின்னால் கேட்கிற ஹார்ன் சத்தத்தை வைத்து அவன் கிண்டியில்தான் இருக்கிறான் என்று முடிவுகட்டி, திங்கட்கிழமை நேரில் வந்து பார்க்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார்.

பாளையங்கோட்டையிலிருந்து அம்மா வாரம் ஒருமுறை பேசுவாள். காற்றோட்டம் எப்படி, தண்ணீர் வருகிறதா, பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று விசாரிப்பாள். லியன் என்கிற உள்ளூர்ப் பெண்ணைப் பற்றி அவன் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவள் ஒன்றும் மறுக்கவில்லை.

“காதல் கீதல்னு அலைஞ்சா நடுரோட்டுலதாம்ல நிப்பேன்னு அந்தக் காலத்துலயே சொன்னேன். அதான் இப்பமே நிக்கியே. இனிமே எதுக்குப் பயப்படணும்? நல்லா இருங்க” என்றாள்.

பக்கத்து வீட்டுக்காரர் டீட்டர் என்கிற ஜெர்மன்காரர். அவர் எதிரிலிருக்கும் சிக்னலில் பச்சை விழுவதற்காக நின்றவர். அந்த சிக்னலில் பச்சை விளக்கே கிடையாது. இது அவருக்கும் தெரியும், ஆனால் விதி விதிதான் என்பார். நின்ற புதிதில் அவர் நட்ட காகிதப்பூச் செடி இப்போது பந்தலாகிவிட்டது. தினமும் காலையில் சவரம் செய்து, ஷூ மாட்டி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, நாற்காலியில் அமர்ந்து சிக்னலைப் பார்ப்பார்.

லியன், ரோட்டுக்கு அந்தப் பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். கடைக்கு மேலே வீடு, வீட்டில் அவளும் அவள் அம்மா திருமதி ஹோவாவும். ஆவுடையப்பனுக்கு அவள் போன் ஆப் வழியாகப் பழக்கமானாள். எழுதி எழுதிப் பிடித்துப்போய், நேரில் பார்த்துவிடலாம் என்று அவள் கூப்பிட்ட அன்றுதான் அவன் ரோட்டைக் கடக்கப் புறப்பட்டது. அவன் நடுவில் நின்றுவிட்டதைக் கடைவாசலிலிருந்து பார்த்தவள், சரி, நாம் போவோம் என்று தானே நடந்து வந்தாள்.

அவளால் வர முடிந்தது, நிற்க முடியாது. உள்ளூர்க்காரி ரோட்டு நடுவில் நிற்கிற வழக்கம் இல்லை. நடுத்திட்டில் ஏறி, அவனைப் பார்த்துச் சிரித்து, ஒரு வாக்கியம் பேசி, இறங்கி அந்தப்பக்கம் போய்விட்டாள். திரும்பி வரும்போது இன்னொரு வாக்கியம் பேசினாள். அன்றிலிருந்து கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் லியன் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தாள். நடுத்திட்டின் அகலம் அவள் நடைக்கு மூன்று எட்டு. அந்த மூன்று எட்டும் ஆவுடையப்பன் கூடவே நடப்பான். எதிர்த்திசையில் வரும்போதும் நடப்பான். அவனுடைய காதல் முழுவதும் அந்த மூன்று எட்டில்தான் நடந்தது, அதில் அவன் மிகவும் சந்தோஷமாக இருந்தான்.

சண்டையும் உண்டு. அந்த ஊரில் பெண்கள் காதலனையும் அண்ணன் என்றே கூப்பிடுவார்கள். முதல் வாரம் ஆவுடையப்பன் இதில் நொந்துபோய், வேறு ஏதாவது சொல்லிக் கூப்பிடக்கூடாதா என்று கேட்டுவிட்டான். வேறு எப்படிக் கூப்பிட, மாமா என்றா என்று கேட்டாள் லியன். அவன் மறுப்புச் சொல்லாததில் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் நடை வேகமாகிவிடும், பேச்சுக்கு இரண்டே எட்டுதான் கிடைக்கும். அதனால் அவர்கள் சண்டைகள் சீக்கிரமே முடிந்துவிடும்.

இப்படியே ஓட்டியிருக்கலாம். பங்குனியில் லியனுடைய அப்பாவின் திதி வந்தது.

அந்த ஊரில் திதி என்றால் வீடு நிறைய விருந்து. இறந்தவர் படத்துக்கு முன்னால் சாப்பாட்டைப் பரப்பி ஊதுவத்தி ஏற்றுவார்கள். ஊதுவத்தி எரிகிறவரை இறந்தவர் சாப்பிடுவார். அது அணைந்த பிறகு மற்றவர்கள் கை வைப்பார்கள். திருமதி ஹோவா இதோடு தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்திருந்தார். ஊதுவத்தி அணையும்போது மேஜையில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர்தான் இந்த வீட்டு மாப்பிள்ளை. திருமதி ஹோவாவுக்கு லியனைக் குறித்துக் கவலையாகிவிட்டது, எத்தனை நாள்தான் பெண் ரோட்டைக் கடந்துகொண்டே இருப்பாள்? மேஜையில் ஆவுடையப்பனுக்கு ஒரு நாற்காலி போட்டார். நியாயம் தவறக்கூடாதென்று பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் குவாங்குக்கும் ஒரு நாற்காலி போட்டார். குவாங், பிறந்ததிலிருந்து எங்குமே நின்றதில்லை என்று பெயரெடுத்தவர். நடந்துகொண்டே பல் பிடுங்குவார்.

லியன் அவனுக்குப் பயிற்சி கொடுத்தாள். வண்டியைப் பார்க்காதே, எதிரில் கடையில் தொங்குகிற பெரிய மூக்குக்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே நட என்றாள். அவன் பார்த்தான். ஒரு காலை இறக்கினான். அவ்வளவுதான், உடம்பு நின்றது, கழுத்து திரும்பியது, கை மேலே போனது. வந்து நின்ற பைக்கில் ஏறி ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய் வந்தான். அந்த வாரம் முழுவதும் இதுவே நடந்தது.

திதியன்று ஆவுடையப்பன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை அணிந்து, ஒரு தட்டில் டிராகன் பழங்களை அடுக்கிக்கொண்டு நின்றான். தட்டு இரண்டு கையிலும் இருந்ததால் கையைத் தூக்க முடியாது என்பது அவன் கணக்கு. காலை இறக்கினான். கை வரவில்லை, ஆனால் காலும் அதற்கு மேல் வரவில்லை. அவனுக்கு அழுகையாக வந்தது. எதிரே மாடியில் விருந்தினர்களின் தலைகள் தெரிந்தன.

லியன் பட்டுச் சட்டையில் நடந்து வந்தாள். அம்மா ஊதுவத்தி ஏற்றிவிட்டாள் என்று சொல்லிக்கொண்டே போனாள். திரும்பும்போது, குவாங் வந்து உட்கார்ந்துவிட்டதைச் சொன்னாள். குவாங் உட்காருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லையாம், நாற்காலியில் இருந்தபடியே கால்களை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கிறாராம். மறுமுறை வந்தபோது பாதி எரிந்துவிட்டது என்றாள். அதற்கடுத்த முறை, சாம்பல் சுருண்டு தொங்குகிறது, இனி அதிகமில்லை என்றாள்.

ஆவுடையப்பன் அந்த மூன்று எட்டும் அவளோடு நடந்தான்.

“எனக்குக் கால் வரல, லியன். என்னால முடியாது. நீ போய்ச் சாப்பிடு. அவர் நல்ல மனுஷன்” என்றான்.

லியன் மூன்றாவது எட்டை எடுத்து வைத்தாள். நான்காவதை வைக்கவில்லை. நின்றுவிட்டாள்.

டீட்டர் தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி இடம்விட்டு, வரவேற்கிறேன், எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். லியன் சற்று யோசித்துவிட்டு, இன்னும் முடிவாகவில்லை என்றாள். நூடுல்ஸ் அம்மாள் தன் வண்டியில் வந்தவள், சின்ன வயதிலிருந்து தான் பார்க்க வளர்ந்த அந்தப் பெண்ணிடம், காரம் பரவாயில்லையா என்று ஆங்கிலத்தில் உரக்க, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். பைக் டாக்சிக்காரர் ஒருவர் மாதாகோவிலும் ஆறும் சுற்றிக்காட்டட்டுமா என்று கேட்டார். லியனின் போன் வேறு மொழிக்கு மாறியிருந்தது. அவள் ஒரு காலை இறக்கிப் பார்த்தாள், பிறகு எடுத்துக்கொண்டாள்.

“இங்கேயிருந்து பார்த்தா வண்டிங்க நிறைய இருக்கே” என்றாள்.

“அதத்தானே நானும் சொல்லிக்கிட்டிருந்தேன்” என்றான் ஆவுடையப்பன். அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பிடித்த கையை விடவேண்டிய அவசியம் முதல் தடவையாக இல்லாமல் இருந்தது.

போன் அடித்தது. எதிர் மாடியில், திருமதி ஹோவா பால்கனியில் போனைக் காதில் வைத்தபடி நிற்பது தெரிந்தது. வெளிநாடு போன பெண்ணிடம் ஒரு தாய் கேட்கவேண்டியதையெல்லாம் அவர் முறையாகக் கேட்டார். அங்கே வெயில் எப்படி, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, நம் ஊர் ஆட்கள் யாராவது இருக்கிறார்களா? லியன் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். இரண்டுபேரும் கொஞ்சம் கண் கலங்கி, ஒருவரையொருவர் பார்த்துக் கையசைத்துக்கொண்டார்கள்.

“அங்கே இப்போ மணி என்ன?” என்று அம்மா கேட்டார்.

லியன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் ஆவுடையப்பன் பக்கத்தில் நின்றதால் அது இந்திய நேரத்துக்குப் போயிருந்தது. ஒன்றரை மணி நேரம் பின்னால்.

“பத்தரை ஆகுது, அம்மா.”

திருமதி ஹோவா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். அப்படியானால் அங்கே இன்னும் ஊதுவத்தியே ஏற்றியிருக்க மாட்டார்கள், என்றார். ஏற்றவில்லை என்றாள் லியன். அவர் உள்ளே திரும்பி இதைச் சொன்னதும் குவாங் நியாயத்தை உணர்ந்து எழுந்துகொண்டார். வெகுநேரம் உட்கார்ந்ததில் அவருக்கும் முதுகு வலித்திருந்தது. எழுந்தவர் நடந்துகொண்டே வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் வேலைகள் மளமளவென்று நடந்தன. உறவினர்கள் வரிசையாக ரோட்டைக் கடந்தார்கள். நிற்காமல் ஒருவர் மேஜையை வைத்துவிட்டுப் போனார், ஒருவர் சோற்றை வைத்தார், ஒருவர் கோழியை வைத்தார், ஆவுடையப்பனுக்காகத் தனியாகப் பொரித்த டோஃபுவை ஒருத்தி வைத்தாள். ஒவ்வொருவரும் போகிற போக்கில் அவனுடைய வயதையும் சம்பளத்தையும் கேட்டார்கள். திருமதி ஹோவா கடைசியாக வந்து, மகளின் கன்னத்தைத் தட்டிவிட்டு, ஊதுவத்தியைக் கொடுத்துவிட்டு நடந்தார். நேரம் வந்ததும் லியன் அதை ஏற்றினாள். ஆவுடையப்பன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். டீட்டரும் பச்சை விழுந்தால் சொல்லும்படி கேட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

புகை எழும்பியதும் லியனின் அப்பா எதிர் வீட்டுப் படியிறங்கி, கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, ரோட்டைக் கடந்து வந்தார். நல்ல உயரம், காலர் வைத்த பழுப்புச் சட்டை. ஒரு நாளில் இரண்டு பந்தி உட்கார்ந்து பழக்கமில்லை என்று சொல்லியபடி உட்கார்ந்தார். ஆனாலும் நிதானமாக, எல்லாவற்றிலும் எடுத்துச் சாப்பிட்டார். ஆவுடையப்பனிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். ஆவுடையப்பனுக்கு எழுந்து எங்கேயாவது போய்விடலாம் போலிருந்தது, ஆனால் போவதற்கு இடமும் இல்லை. அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

ஊதுவத்தியின் கடைசி நெருப்பு மினுக்கி அணைந்தது. சாம்பல் தட்டில் விழுந்தது.

“கோழியில் உப்பு கொஞ்சம் குறைவு. இதை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்காதே” என்று லியனின் காதோரம் அவர் சொன்னார். பிறகு ஆவுடையப்பன் பக்கம் திரும்பினார்.

“மகனே, அந்த மீன் சாஸை இப்படித் தள்ளு.”

ஆவுடையப்பன் தள்ளினான்.