ஆமாம் மூட்டும் இல்லை மூட்டும்

"விலங்கினத்திலிருந்து மனிதனைப் பிரித்து உயர்த்தியது நிமிர்ந்த தலை! அந்தத் தலையைத் தாங்கி நிற்பவை கழுத்தின் ஏழே ஏழு எலும்புகள்!" என்று முழங்கினார் எலும்பு வாத்தியார். முழங்கியவரின் கழுத்தில், வலிக்காக ஒரு வாரமாகப் பட்டை. குனிந்து பார்க்க முடியாததால், கையிலிருந்த மண்டையோட்டை அவர் தலைகீழாகப் பிடித்திருந்தார். பிள்ளைகள் யாரும் சொல்லவில்லை, அவர்களுக்கும் களைப்பு.

பட்டையும் ஓர் அளவு பெரியது. "போகப் போகப் பழகிடும் சார்" என்றார் கடைக்காரர். சரி என்று வாங்கி வந்துவிட்டார். அது மோவாயை முட்டுக்கொடுத்துத் தூக்கியதில், பிறந்தது முதல் இல்லாத ஒரு கம்பீரம் அவருக்கு வந்திருந்தது.

மீதிப் பாடத்தையும் இழுத்து முடித்தார். மண்டையோடு முதல் கழுத்தெலும்பின் மேல் உட்கார்ந்து முன்னும் பின்னும் அசையும்; அது ஆமாம் மூட்டு. அந்த முதல் எலும்பு, இரண்டாவதன் முளையைச் சுற்றி இடமும் வலமும் திரும்பும். அது இல்லை மூட்டு.

"உங்களுக்கு மேல் மூட்டு தேஞ்சே போச்சு. கீழ் மூட்டு இன்னும் அட்டைப்பெட்டியக்கூடப் பிரிக்கலை" என்றார் ஆசிரியர் அறையில், நரம்புப் பாடம் நடத்தும் அம்மையார். "முதல்வர் கூப்பிடறாரு. மாலை வகுப்பை உங்க தலையில கட்டப்போறாரு."

தெரிந்த விஷயம்தான். காலையில் மனைவி அதற்குப் பதிலும் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருந்தாள். "டாக்டர் சாயங்காலம் படுத்தே இருக்கணும்னுட்டாரு. 'முடியாது'. நாலே எழுத்து. அதைச் சொல்லிட்டு வாங்க. இல்லைன்னா கழுத்தை அங்கேயே வெச்சிட்டு வாங்க, எனக்கு எண்ணெய் தேய்ச்சு மாளலை."

முதல்வர் சுழல்நாற்காலியைப் பாதி சுற்றி நிறுத்தினார். "நிறுவனம்ங்கிறது என்ன சார்? குடும்பம். குடும்பத்துல ஒருத்தர் நேரம் பார்ப்பாரா? தியாகம் சார், தியாகம். திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும், சாயங்காலம் மட்டும். என்ன சொல்றீங்க?"

வாத்தியாரின் தலை பழக்கதோஷத்தில் கிளம்பியது. பட்டை விடவில்லை. நாலெழுத்தைச் சொல்லலாமென்றால் முதல் எழுத்துக்கு உதடு குவிந்ததோடு சரி. ஆகவே மோவாய் மேலே, பார்வை முதல்வரின் வழுக்கைக்கும் மேலே, சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

இவர் இப்படி உட்கார்ந்து முதல்வர் பார்த்ததில்லை.

"என்ன சார், முறைக்கிறீங்க?"

வாத்தியாரின் பார்வை வழுக்கைக்கு மேலேயே நின்றது.

"இல்ல, உங்க உழைப்பு எனக்குத் தெரியாதா? நான் சும்மா கேட்டுப் பார்த்தேன்..." நாற்காலி இந்தப் பக்கம் சுற்றியது. "சரி, கஷ்டம்னா விட்டுருங்க. வேற ஆளைப் பார்த்துக்கறேன். மனசுல வெச்சுக்காதீங்க."

முடிந்தது. கும்பிடு போட்டு எழுந்து வெளியே போனால் போதும். வாயைத் திறக்கவே வேண்டாம்.

மண்டையோட்டில் மற்ற எலும்புகளெல்லாம் ஒன்றோடொன்று தைத்துக்கொண்டு சிவனே என்று கிடக்கும். அசைவது கீழ்த்தாடை ஒன்றுதான். அது அசைந்தது.

"ஐயையோ, முறைக்கலீங்க சார்! பட்டை சார், இது பட்டை. தலை நிக்குதே தவிர, உள்ளுக்குள்ள ஆட்டிக்கிட்டேதான் இருந்தேன். வகுப்பை எடுத்துக்கறேன் சார்."

முதல்வரின் முகத்துக்கு ரத்தம் திரும்பியது. "அதானே பார்த்தேன்" என்றார்.

வீட்டில் மனைவி கதவைத் திறந்தவள், நடுவிலேயே நின்றுகொண்டாள்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்னன்னு?"

தலைகுனிய வேண்டிய நேரம். குனிய வழியில்லை. நிலைப்படிக்கு மேலே இருந்த ஒட்டடையைக் கம்பீரமாகப் பார்த்தார்.

"எல்லா நாளுமா?" என்றாள் அவள். குரலில் கோபம்கூட இல்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே.

"திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும்தான் கேட்டாரு."

"சரி போகட்டும். சனிக்கிழமையாவது படுத்துக் கிடங்க."

சனிக்கிழமை வகுப்பை அவராகவே கேட்டு வாங்கியிருந்தார்.