துவைத்தும் போகாத மண்

அப்பா போனபோது எங்களுக்கு மிஞ்சியது போர்வெல் போடும் பழைய லாரி ஒன்று, அழுக்கேறிய நீள நோட்டு ஒன்று, அறுநூற்றுப் பன்னிரண்டு மருந்து பாட்டில்கள். பாட்டில்களில் இருந்தது மருந்தில்லை, மண்.

கிணறு போடுவதுதான் அவர் தொழில். பூமிக்குள் குழாய் இறங்க இறங்க மேலே வந்து விழும் மண்ணை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், தண்ணீர் எப்போது வரும் என்றுதான் பார்ப்பார்கள். அப்பா மண்ணைப் பார்த்தார். பத்தடிக்கு ஒரு பிடி அள்ளி வெயிலில் உலர்த்தி, கழுவிய பாட்டிலில் போட்டு, காகிதத்தில் ஒரு எண்ணை மசியால் எழுதி ஒட்டுவார். அந்த எண் எந்தக் கிணறு, எத்தனை அடி, எப்படிப்பட்ட மண் என்பதெல்லாம் நோட்டில் இருக்கும். எங்கள் ஊருக்குள் போட்ட கிணறுகளுக்கு மட்டும்தான் இந்த மரியாதை. இப்படி முப்பத்தெட்டு கிணறுகள். கூட வேலை செய்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் மண்ணாங்கட்டி. கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்புவார்.

இப்போது லாரியை நான் ஓட்டுகிறேன். பெண் கிணறு போடுவதா என்று வாயைப் பிளந்தவர்கள் தண்ணீர் வந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். அப்பாவுக்குப் பிறகு ஊருக்குள் நான் போட்டது மூன்று. மூன்றிலும் பத்தடிக்கு ஒரு பிடி அள்ளி, அவருடைய எண்களுக்குப் பின்னால் என் எண்களை எழுதினேன். ஏன் என்று கேட்டால் அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

படுக்கையில் கிடந்த கடைசி வாரத்தில் அவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"இதையெல்லாம் படிச்சவங்க யார்கிட்டயாவது காட்டும்மா. நான் ஒண்ணு நினைச்சு வெச்சிருக்கேன். சரியான்னு கேளு."

"என்ன நினைச்சிருக்கீங்க?"

"நான் சொன்னா சிரிப்பாங்க. மண்ணைக் காட்டு, போதும்."

கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுக்கும் பேராசிரியர் ஒருவருக்கு ஒரு வருடத்தில் நான்கு கடிதம் போட்டேன். நான்காவதற்குப் பதில் வந்தது. வியாழக்கிழமை வருகிறேன், ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும், எல்லாவற்றையும் எண் வாரியாக அடுக்கி வையுங்கள் என்று எழுதியிருந்தார்.

திங்கள் மாலை வேலையிலிருந்து வந்தேன். கூடத்துச் சன்னலோரம் முழுக்கப் பாட்டில்கள். வெயில் பட்டு ஒவ்வொன்றும் பளபளவென்று மின்னியது. அம்மா நெற்றி வியர்வையைத் துடைத்தபடி நின்றிருந்தாள்.

"பெரிய மனுஷர் வர்றாரு. இப்படி தூசியும் பசையுமா இருந்தா நம்மளப் பத்தி என்ன நினைப்பாரு? காலைல ஆரம்பிச்சது, இப்பதான் முடிஞ்சுது. சோப்புத் தண்ணியில ஊற வெச்சு வெச்சுக் கழுவினேன். மூடியத் திறக்கவே இல்ல, பயப்படாதே."

காகிதங்கள் வாளிக்குள் கூழாகக் கிடந்தன. கையை விட்டேன். நீலத் தண்ணீர்தான் வந்தது.

எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும், மூளை மறுநாள்தான் வரும். அன்றும் அப்படித்தான்.

"அப்பா ஒரு தடவைதான் செத்தாருன்னு நினைச்சேன். நீ இன்னைக்கு இன்னொரு தடவை சாகடிச்சுட்ட."

அம்மா வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். தண்ணீரைக் கொட்டும் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன், கேட்கவில்லை. கூழில் ஏதாவது தேறுமா என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். சொன்னதைத் திரும்ப எடுக்க வழியில்லாமல் நான் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகவில்லை. நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, எழுதியிருப்பதை வைத்தே பாட்டில்களை அடையாளம் கண்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். 'மஞ்சள் களி' என்று மட்டும் எழுபது இடத்தில் எழுதியிருந்தார் மனிதர். மதியத்துக்குள் தலை சுற்றியது. அலமாரிச் சந்தில் உருண்டு கிடந்து தப்பித்த ஒரே ஒரு பாட்டிலில்தான் காகிதம் மிச்சமிருந்தது.

அம்மா துணி வாளியோடு என்னைக் கடந்து போனாள். முந்தைய நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. போகிற போக்கில் என் முட்டிக்குப் பக்கத்திலிருந்த பாட்டிலைப் பார்த்து, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள்.

"அது மரக்கடை மண்ணு."

"தெரிஞ்ச மாதிரி பேசாதம்மா."

"தெரியாம என்ன? ரெண்டாம் நாள் சட்டை. மஞ்சள்னு நினைச்சு நனைச்சா சாம்பலா இறங்கும். கழுத்துப் பட்டையில மூணு துவைப்புக்கும் போகல. அந்தச் சட்டைய லாரி துடைக்கத்தான் போட்டேன்."

நோட்டைப் புரட்டினேன். மரக்கடை, அறுபதடி. 'மஞ்சள். நனைத்தால் சாம்பல்.' அப்பாவின் பழைய இயந்திரம் ஒரு நாளைக்கு முப்பதடிதான் இறங்கும். அறுபதடி என்றால் இரண்டாம் நாள்.

நம்ப மனம் வரவில்லை. காகிதம் மிச்சமிருந்த பாட்டிலை எடுத்து, எண்ணை உள்ளங்கையால் மறைத்து நீட்டினேன். அம்மா மூடியைத் திறந்து துளி மண்ணைக் கையில் தட்டினாள். வாளித் தண்ணீரைச் சொட்டவிட்டுக் கட்டைவிரலால் தேய்த்தாள். முகர்ந்துகூடப் பார்த்தாள்.

"ஸ்டேஷன் பக்கத்துப் பள்ளிக்கூடம். முதல் நாள். இது பிரஷ் போட்டா இன்னும் உள்ள ஏறும், சும்மா அலசி விடணும். சரியா?"

சரி. எண்ணை வைத்து நோட்டில் பார்த்தேன், இடமும் நாளும் சரி. முப்பது வருடம் அப்பா மண்ணைச் சேர்த்தார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதே முப்பது வருடம் அதே மண்ணைச் சட்டையிலிருந்து பிரித்தெடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி வீட்டின் பின்பக்கம் இருந்திருக்கிறாள். என் சட்டைகளும் அவளிடம்தான் போய்க்கொண்டிருந்தன. எனக்கு அது உறைக்கவே இல்லை. அவள் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பதிலாக, "இங்க உட்காரு" என்றேன்.

பழைய வெள்ளை விரிப்பு ஒன்றைத் தரையில் விரித்தோம். மலைப் பக்கத்திலிருந்து ஸ்டேஷன் வரை, ஊரில் இருக்கிற வரிசையிலேயே நாற்பத்தோரு கிணறுகளுக்கும் பென்சிலால் பத்தி பிரித்தேன். மேலிருந்து கீழே அடிக்கணக்கு. அம்மா தேய்த்துப் பார்த்து இடமும் நாளும் சொல்வாள். நான் நோட்டில் சரிபார்த்து எத்தனையாவது அடி என்பேன். அவள் அந்தக் கட்டத்தில் ஒரு விரல் மண்ணைத் தேய்த்துக் கறையாக்குவாள். நான் பாட்டிலில் எண் ஒட்டுவேன், இந்த முறை பென்சிலால்.

"இவ்வளவு நாள் கறைய எடுத்தேன், இப்ப நானே போடறேன்" என்றாள் அம்மா. திங்களுக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தாள்.

எல்லாம் சுலபமாக முடிந்துவிடவில்லை. சிலவற்றில் அவளுக்குச் சந்தேகம் வந்தது, இரண்டு முறை சண்டையே போட்டோம். இரண்டிலும் நான்தான் நோட்டைத் தப்பாகப் பார்த்திருந்தேன். புதன் மாலை பதினான்கு பாட்டில்கள் மிஞ்சின. விரிப்பிலும் ஒரே ஒரு பத்தி வெறுமையாக இருந்தது. அந்தக் கிணற்றின் பக்கத்தை நோட்டில் நான் இன்னும் முழுதாகப் படித்திருக்கவில்லை. அம்மா பதினான்கையும் மாறி மாறித் தேய்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "இது என் கைக்கு வந்ததே இல்ல" என்றாள்.

வியாழன் பேராசிரியர் வந்தார். பாட்டில்களை நோக்கி நடந்தவர் விரிப்பைப் பார்த்து நின்றுவிட்டார். கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"இந்தச் சாம்பல் நிறத்தைப் பார்த்தீங்களா?" என்றார் மெதுவாக.

அதுவரை நாங்கள் ஒவ்வொரு கறையாகத்தான் பார்த்திருந்தோம். எழுந்து தள்ளி நின்று பார்த்தேன். மலைப் பக்கக் கிணறுகளில் நாற்பதடியில் தொடங்கிய நீலச் சாம்பல் பட்டை அடுத்த கிணறுகளில் ஐம்பது, அவற்றுக்கடுத்து அறுபது என்று சரிந்து சரிந்து ஸ்டேஷன் பக்கம் இருநூறு அடிக்குப் போயிற்று. எங்கள் தெரு, பள்ளிக்கூடம், மரக்கடை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சரிவு படுத்திருந்தது. நாங்கள் தினமும் அதன் மேல்தான் நடந்துகொண்டிருந்தோம்.

"இது கடலோட அடித்தரையா இருக்கணும்" என்றார் பேராசிரியர். "ஆனா சிப்பி ஒண்ணு கிடைச்சாத்தான் அடிச்சுச் சொல்ல முடியும். இந்தப் பத்தி ஏன் காலியா இருக்கு?"

"அந்தச் சட்டைங்களை நான் துவைக்கல" என்றாள் அம்மா. சொன்னவள் அப்படியே நின்றாள். "துவைக்காம எப்படி இருந்தேன்? ஒரே ஒரு மாசம்தான் நான் துணி துவைக்கல. இவ வயித்துல இருந்தப்போ கடைசியில முடியாமப் போயி ஆஸ்பத்திரியில கிடந்தேன். அந்த மாசச் சட்டை எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிட்டாரு அந்த மனுஷன்."

நோட்டில் நான் பிறந்த மாதத்தைத் தேடினேன். ஊருக்குள் ஒரே ஒரு கிணறு, காலிப் பத்திக்குரியது. நூற்று நாற்பதடி, பதினான்கு பாட்டில்கள். ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொண்டே வந்து கடைசி வரியைச் சத்தமாகப் படித்தேன்.

"நூற்று நாற்பதடி. நீலச் சாம்பல் களி. சிப்பி. கடல்? தண்ணீர் வந்தது. பெண் பிறந்தாள்."

பேராசிரியர் கடைசிப் பாட்டிலைத் தட்டில் கொட்டினார். உலர்ந்த களியை விரல் நுனியால் விலக்கினார். உள்ளே சுண்டுவிரல் நகமளவு சிப்பி ஒன்று, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது.

"உங்கப்பா நினைச்சது சரி" என்றார் என்னிடம்.

அம்மா சிப்பியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"நீ பிறந்த அன்னைக்கு ரொம்ப லேட்டா வந்தாரு" என்றாள் பிறகு. "மேலெல்லாம் சேறு. வாயெல்லாம் சிரிப்பு. 'கையப் பாரு, கையப் பாரு'ன்னு எதையோ நீட்டினாரு. இவ்வளவு நேரம் கழிச்சா வர்றீங்கன்னு நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன். என்ன கொண்டு வந்தாருன்னு பார்க்கவே இல்ல."

நான் தட்டை நீட்டினேன். சிப்பியைத் தட்டில் வைக்காமல், சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.