லூப் இல்லாத கோட்டு

1

இந்தக் கதை ஒரு பாலர் பள்ளியின் தரையில் கிடந்தது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான். கோபன்ஹேகனில், ஜனவரி மாலை ஒன்றில், என் மகளை அழைத்துவரப் போயிருந்தேன். குழந்தைகள் உடுப்பு மாட்டும் கொக்கிகளுக்கு மேலே ஆளுக்கொரு விலங்குப் படம் ஒட்டியிருந்தது. முள்ளம்பன்றிக் கொக்கிக்குக் கீழே யாரோ ஒரு தகப்பனின் கறுப்புக் கோட்டு விழுந்து கிடந்தது. பனிச்சேறு அப்பிய குட்டிப் பூட்சுகள் பத்துப் பதினைந்தாவது அதை மிதித்துப் போயிருக்கும்.

எடுத்து மாட்டினேன். விழுந்தது. மறுபடி மாட்டினேன். விழுந்தது. கழுத்துக்குப் பின்னே, உள்பக்கம் தடவிப் பார்த்தேன். கொக்கியில் மாட்டுவதற்கான துணி வளையம், அந்த லூப், இல்லை.

நான் இந்த ஊரில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். அதில் பாதி, துணி வெட்டும் மேசைகளில் கழிந்தது. லூப் இல்லாத கோட்டைப் பார்த்தால், கைப்பிடி இல்லாத வாளியைப் பார்த்தது போல் இருக்கும் எனக்கு. வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன்.

2

"வடக்கின் வெளிச்சத்துக்குள் ஒரு மௌனம் உறைந்து..." அடித்துவிட்டேன். இந்த வரி ஏதோ ஒரு உடுப்பு விளம்பரத்தில் ஏற்கெனவே இருக்கும்.

"விபெகெ கணவனை இழந்து மூன்று வருடம்..." இதுவும் வேண்டாம். ஒரு பெண்ணுக்கு லூப் பற்றி அபிப்பிராயம் இருப்பதற்காகக் கணவன் சாக வேண்டியதில்லை.

"வெள்ளிக்கிழமை ரொட்டி வாங்கிவரும் முறை அந்த வாரம் விபெகெயுடையது." இது நிற்கும்.

3

விபெகெ ரஸ்க், வயது ஐம்பத்தாறு, ஆண்களுக்கான உடுப்பு செய்யும் நிறுவனம் ஒன்றில் தரம் பார்ப்பவள். நிறுவனத்துக்குப் பெயர் வைத்து வைத்து அடித்தேன். கடைசியில் பெயரே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அவர்களுக்கும் பிடிக்கும். போன வருடம் கோட்டுக்குள் தைத்திருந்த பெயர்த்துணியையே எடுத்துவிட்டார்கள். "தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்" என்றான் அஸ்கெர். நிறுவனத்தைத் தொடங்கியவனும் வடிவமைப்பவனும் அவன்தான்.*

பெயருக்கு முன்பு வெளிப்பை போனது. பிறகு பொத்தான்கள் துணிக்குள் ஒளிந்துகொண்டன. இந்தக் குளிர்காலத்தில் போனது லூப். காரணம், புகைப்படத்தில் கழுத்துக்குப் பின்னே ஒரு மில்லிமீட்டர் மேடு தெரிந்தது.

விபெகெயிடம் ஒரே ஒரு அதிகாரம் இருந்தது. மாதிரிக் கோட்டை அங்குலம் அங்குலமாகப் பார்த்து, பொத்தான் துளையில் நூல் கோத்து, ஈய வில்லை வைத்துக் குறடால் அழுத்தினால் அது சீல் சாம்பிள். போர்த்துகலில் இருக்கும் தையல் ஆலை அதைப் பார்த்து எண்ணூறு கோட்டு தைக்கும். சாம்பிளில் இருப்பது எல்லாவற்றிலும் இருக்கும், இல்லாதது எதிலும் இருக்காது. ஒவ்வொரு கோட்டோடும் ஓர் அட்டை போகும். "பத்து வருடம் உழைக்கும். சரிபார்த்தது: விபெகெ." கீழே அச்சாகியிருப்பது அவளுடைய கையெழுத்தேதான்.

அவள் பொய்க்குக் கையெழுத்துப் போடுவாளா மாட்டாளா என்பதுதான் கதை. வேறு ஒன்றுமில்லை.

* தெரியாதவர்கள் கேட்டால், போட்டிருப்பவர் சொல்லியாக வேண்டும். அப்படிச் சொல்வதற்காகவே பலர் வாங்கினார்கள்.

4

(இந்தப் பகுதியை எடுத்துவிட்டேன். தள்ளி நின்று பார்த்தபோது பக்கம் லேசாக மேடு தட்டியது.)

5

லூப் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லாமல் என்னால் நகர முடியாது. அவசரக்காரர்கள் அடுத்த பகுதிக்குப் போகலாம். ஆனால் இதுதான் நல்ல பகுதி.

விரல் நீளத் துணிப்பட்டை. அதன் இரண்டு முனையும் காலரும் முதுகும் சேரும் தையலுக்குள் போய்விடும். அங்கே நான்கு மடிப்புத் துணி இருக்கிறது. கோட்டைக் கொக்கியில் மாட்டியதும் எடை அந்தத் தையல் நெடுக ஓடி, இரண்டு தோளுக்கும் பிரிந்துவிடும். எந்த இடத்துக்கும் அதிகச் சுமை இல்லை. அழகான ஏற்பாடு.

லூப் இல்லாவிட்டால் காலரையே கொக்கியில் செருகுவீர்கள். காலரின் அடித்துணியை மூலைவாட்டில் வெட்டியிருப்பார்கள், கழுத்தில் வளைந்து உட்கார வேண்டுமே. மூலைவாட்டில் வெட்டிய துணி இழுத்தால் நீளும். மழையில் நனைந்த கம்பளிக் கோட்டு இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். அவ்வளவு எடையும் ஒரே புள்ளியில் தொங்கும்.

விபெகெயைத் தவிர அந்த நிறுவனத்தில் ஒருவருக்கும் இது ஏன் தெரியவில்லை? அவர்களுடைய அலுவலகத்தில் கொக்கியே இல்லை. வெள்ளைச் சுவர் கெட்டுவிடுமாம். கைப்பிடி இல்லாத அலமாரிக்குள், தோள்போல் வளைத்த மர ஹாங்கரில் கோட்டுகள் தொங்கும். ஹாங்கரில் லூப்புக்கு வேலையில்லை. ஊர் முழுக்க மாட்டுகிற மாதிரி அந்தக் கோட்டை அங்கே மூன்று மாதமாக ஒருவரும் மாட்டிப் பார்க்கவில்லை.

விபெகெ வீட்டிலிருந்து சுத்தியல் கொண்டுவந்து, வெள்ளைச் சுவரில் ஓர் ஆணி அடித்தாள். சாம்பிளைக் காலரால் மாட்டினாள். தகப்பன்மார் பையில் இருப்பது போலவே, உள்பையில் சாவிக்கொத்தும் ஒரு குழந்தையின் ஈரக் கையுறைகளும் போட்டாள். அஸ்கெரும் படங்களுக்குப் பொறுப்பான விகோவும் படப்பிடிப்புக்கு வெளியூர் போயிருந்த ஒன்பது நாளும் அது அங்கேயே தொங்கியது.

6

வெள்ளிக்கிழமை காலை, எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் நீள மேசை. ரொட்டி, வெண்ணெய், சீஸ்.

"சுவத்துல யாரு ஆணி அடிச்சது?" என்றான் அஸ்கெர்.

"நான்தான். ரொட்டிய எடு, சூடா இருக்கு."

(முதலாளியிடம் இங்கே எல்லோரும் இப்படி ஒருமையில்தான் பேசுவார்கள். எனக்குத்தான் எழுதக் கை கூசுகிறது.)

விகோ ஆணிக்குப் பக்கத்தில் போய்த் தலையைச் சாய்த்தான். "அடடா, இந்த நிழலப் பாரேன் அஸ்கெர்."

"நிழல விடு, காலரப் பாரு" என்றாள் விபெகெ. "ஒம்பது நாள்ல மூக்கு மொளச்சிருக்கு. பத்து வருஷத்துல தும்பிக்கையே வந்துடும்."

"மூக்கு இல்ல, அது ஞாபகம். கோட்டு தான் தொங்கின எடத்த ஞாபகம் வெச்சிருக்கு" என்றான் விகோ.

"அந்த ஞாபகமெல்லாம் பார்சல்ல எனக்குத்தான்டா திரும்பி வரும். அட்டையில எம்பேருதான இருக்கு?"

"லூப் வெச்சா படத்துல தெரியுது, விபெகெ" என்றான் அஸ்கெர்.

"படம் குளிர் தாங்குமா?"

"நம்ம கோட்டு வாங்கறவன் கொக்கியில மாட்ட மாட்டான். அவன் வீட்ல நல்ல ஹாங்கர் இருக்கும்."

"சரி. நீ முதல் சாம்பிளப் போட்டுக்கிட்டுத்தான திரியற? சாயந்தரம் பையனக் கூப்பிடப் போறப்ப பள்ளியில அத எதுல மாட்டற?"

வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த கத்தி நின்றது.

"முள்ளம்பன்றியில" என்றான் அஸ்கெர்.

(அந்தக் கோட்டு இவனுடையது என்று எனக்கே இந்த வரியில்தான் தெரிந்தது.)

"நிக்குதா?"

"விழுந்துடுது. பெஞ்சுல போட்டுருவேன்."

"பெஞ்சுல போடறதுக்கு எதுக்குய்யா பத்து வருஷ உத்தரவாதம்?"

இந்த ஊரில் யாரும் உத்தரவு போடுவதில்லை, யாரும் மறுப்பதும் இல்லை. மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகக் கேட்டார்கள். எட்டுப் பேரும் "எனக்குச் சரி" என்றார்கள். எது சரி என்று ஒருவரும் சொல்லவில்லை. சுற்று முடிந்ததும் அஸ்கெர் குறடையும் ஈய வில்லையையும் விபெகெ பக்கம் மெல்லத் தள்ளினான்.

"நீதான் முடிவு பண்ணணும். இங்க யாரும் யாரையும் கட்டாயப்படுத்தறதில்ல. சாம்பிள ஆலைக்கு எடுத்துட்டுப் போக வண்டி மூணு மணிக்கு வந்துடும்."

விகோ இதற்குள் கோட்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, ஆணியை மட்டும் படம் எடுத்து இணையத்தில் போட்டிருந்தான். வெள்ளைச் சுவர், ஓர் ஆணி, அதன் நிழல். மதியத்துக்குள் நூற்றிருபது பேர் கேட்டிருந்தார்கள், அந்தக் கோட்டு எப்போது கடைக்கு வரும் என்று.

7

மணி இரண்டரை. விபெகெ மேசையில் தனியாக இருக்கிறாள். எதிரே கோட்டு, குறடு, ஈய வில்லை. பக்கத்தில் ஊசி நூல்.

முடிவு ஒன்று: அவள் சீல் போடுகிறாள். அட்டையும் அச்சாகிறது. நம்பும்படி இருக்கிறது, அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை.

முடிவு இரண்டு: குறடை வைத்துவிட்டு வெளியேறுகிறாள், எல்லோரும் எழுந்து நின்று... இல்லை. இங்கே யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ரொட்டி யார் முறை என்றுதான் கேட்பார்கள்.

முடிவு மூன்று: அதே கறுப்புத் துணியில் விரல் நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டி, காலர்த் தையலைப் பிரித்து, முனைகளை உள்ளே செருகித் தைத்து, அதன் பிறகு சீல் போடுகிறாள். ஆலையிலிருந்து பெட்டிகள் வந்து சேரும்வரை ஒருவருக்கும் தெரியாது. எண்ணூறு கழுத்துகளில் எண்ணூறு லூப்புகள். எனக்கு இதுதான் ஆசை. ஆனால் அஸ்கெருக்குச் சொல்லாமல் செய்கிற காரியம் இது. முகத்துக்கு நேரே தும்பிக்கை என்று சொன்னவள் இதைச் செய்வாளா? நானாக அவள் கையைப் பிடித்துத் தைக்க வைத்தால், அந்த சீல் என்னுடையதாகிவிடும்.

அதனால் நான் இங்கே எழுந்துகொள்கிறேன். வண்டிக்கு இன்னும் அரைமணி இருக்கிறது.

அந்தக் கோட்டு உங்களிடம் இருக்காது. பரவாயில்லை, உங்கள் வீட்டு மழைக்கோட்டு போதும். கழுத்துக்குப் பின்னே, உள்பக்கம் தடவிப் பாருங்கள். லூப் இருந்தால், எங்கோ ஒரு மேசையில் யாரோ ஒருத்தி அதைத் தைப்பதற்காக வண்டியைக் காக்க வைத்திருக்கிறாள். கதவுக்குப் பின்னால் கோட்டையே காணவில்லை என்றால், குனிந்து தரையில் தேடுங்கள்.