ஒரு வரி நீக்கம்

என் கணவருக்கும் எனக்கும் கல்யாணத்துக்கு முன்பே சண்டை ஆரம்பித்துவிட்டது. காரணம் ஒரு பேட்ச், கணினி இயங்குதளம் ஒன்றுக்கு நான் அனுப்பிய சின்னத் திருத்தம். யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்து, குறை கண்டால் திருத்தம் அனுப்பலாம் என்கிற இயங்குதளம் அது. பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கிற பிரெய்ல் பலகை அதில் வேலை செய்ய ஒரு சின்ன நிரல் வேண்டும்; அந்த நிரலுக்கு அவர்தான் பொறுப்பாளர். நான் துணி துவைக்கும் இயந்திரங்களுக்குக் கையேடு எழுதிப் பிழைப்பவள். பலகையை எப்படி இணைப்பது என்று அவர் எழுதிய குறிப்பு தலைகீழாக இருந்தது. கை சும்மா இருக்குமா? திருத்தி அனுப்பினேன்.

மூன்று முறை திருப்பி அனுப்பினார். "என்ன மாத்தினீங்கன்னு பாத்தாலே தெரியுது. ஏன் மாத்தினீங்கன்னு எழுதுங்க." நான்காவது முறை ஏற்றுக்கொண்டார். அப்புறம் என்னையும் ஏற்றுக்கொண்டார். அதற்கு மட்டும் ஏன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வீட்டுக்காரி என்று சலுகை கிடையாது. சாப்பிடும்போது, "என் திருத்தம் என்னாச்சுங்க?" என்றால், "எல்லாரும் கேக்கற இடத்துல கேளு" என்பார், சோற்றிலிருந்து தலையை எடுக்காமல். எதிரே உட்கார்ந்துகொண்டு பொதுக் குழுவுக்கு மெயில் போடுவேன். அவர் போன் ஒலிக்கும். திருத்தங்களுக்கென்று தனி ஒலி வைத்திருந்தார், கண்ணாடி டம்ளரைக் கரண்டியால் தட்டிப் பதிவு செய்தது. டம்ளர் எங்கள் வீட்டுடையது. தட்டியது நான்.

பல்பு வாங்கப் போனவர் கடை வாசலிலேயே சரிந்துவிட்டார். மாரடைப்பு. பல்பு உடையாமல் வீட்டுக்கு வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது.

போனை மட்டும் நான் அணையவிடவில்லை. அவர் உட்காரும் இடத்தில், சார்ஜரோடு மேசைமேல் கிடந்தது. அவ்வப்போது டம்ளர் ஒலிக்கும். நான் திரும்பிப் பார்ப்பேன்.

"அதை அணைச்சுத் தொலைங்க, அண்ணி" என்றாள் எங்களோடு இருக்கும் நாத்தனார். "ஒவ்வொரு தடவையும் நீங்க திரும்பிப் பாக்கறத என்னால பாக்க முடியல."

"அப்ப நீ பாக்காத" என்றேன். அண்ணனைப் பறிகொடுத்தவளிடம் அப்படி எரிந்து விழுந்திருக்கக் கூடாது.

அன்று மத்தியானம் என் கணினியில், குழுவுக்கு வந்து டம்ளரை ஒலிக்கவைத்த அந்தக் கடிதங்களைத் திறந்தேன். பெரும்பாலும் ஒரே ஆள். பார்வையில்லாத நூலகர் ஒருவர். நிரலின் புதிய பதிப்பு வந்ததிலிருந்து அவர் பலகை நடுநடுவே ஒரு வரியை விழுங்குகிறது. அவரே கோளாறைக் கண்டுபிடித்துத் திருத்தமும் அனுப்பியிருந்தார். பதில் வராவிட்டால் கொஞ்ச நாள் பொறுத்து நினைவூட்டுவது இந்த வேலையில் வழக்கம். அவரும் நினைவூட்டியிருந்தார், ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் பணிவாக. கடைசிக் கடிதத்தில் இப்படி இருந்தது: "ஐயா, பிள்ளைங்களுக்குக் கதை படிச்சுக் காட்டும்போது விட்டுப்போன வரியை நானே இட்டுக்கட்டிச் சமாளிக்கிறேன். என் திருத்தம் தப்புன்னா திட்டிடுங்க. பதிலே இல்லாம இருக்கறதுதான் தாங்கல."

எனக்கும்தான் தாங்கவில்லை, ஐயா.

பொறுப்பாளர் பட்டியலில் என் கணவர் பெயர் இருக்கும்வரை வேறு யாரும் அந்தப் பகுதியில் கை வைக்க மாட்டார்கள். மரியாதை. அவர் போய்விட்டது அங்கே ஒருவருக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பட்டியலைத் திறந்து அவர் பெயர் இருந்த வரியை நீக்கினேன். அதற்கு ஒரு விசையை அழுத்தினாலே போதுமாக இருந்தது. காரணம் எழுதும் இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். 'பொறுப்பாளர் இப்போது செயல்படுவதில்லை' என்று எழுதினேன். அவர் பார்த்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார். அது காரணமில்லை, மழுப்பல். அழித்துவிட்டு எழுதினேன்: 'என் கணவர் இறந்துவிட்டார். ஒருவர் பதிலுக்குக் காத்திருக்கிறார்.'

யாருக்கு அனுப்புவது என்பதைப் பழைய பட்டியலைப் பார்த்துக் கணினியே நிரப்பிவிடும். எந்தப் பகுதியில் மாற்றமோ அதன் பொறுப்பாளருக்குத்தான் முதலில் போக வேண்டும். அவர் முகவரி முதலில் வந்து நின்றது. எடுத்துவிடலாம். எனக்குக் கை வரவில்லை. அப்படியே அனுப்பினேன்.

மேசைமேல் டம்ளர் ஒலித்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். நாத்தனார் அடுப்படியிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து போனை எடுத்தாள்.

"அண்ணி, உங்ககிட்ட இருந்துதான் வந்திருக்கு."

"தெரியும். ஏன்னு சரியா எழுதியிருக்கேனான்னு பாரு."

நின்றபடியே படித்தாள். ரெண்டே வரிதான், ரொம்ப நேரம் படித்தாள்.

"சரியாத்தான் இருக்கு, அண்ணி" என்றாள்.

அதை அவர் சொல்ல வேண்டும். நான்காவது முறையாவது சொல்லிவிடுவார். மேசையைப் பிடித்துக்கொண்டு, அவர் போனதிலிருந்து அழாத அழுகையெல்லாம் அழுதேன்.