மேட்டுக்கு ஏறிய ஈரம்

எங்கள் ஊரில் நிலம் வைத்திருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் களத்துமேட்டில் ஒரு ராகிக் குழி உண்டு. வாய் குறுகி வயிறு பெருத்த குழி. உள்ளே வைக்கோல் சுற்றி, ராகியைக் கொட்டி, கல்லால் மூடி மண் பூசிவிட்டால் வருஷக்கணக்கில் கெடாது. ஆனால் ஒரு வழக்கம்: குழி திறந்த அன்று முறத்தோடு வந்து நிற்பவர் யாராக இருந்தாலும் இல்லை என்று சொல்லக் கூடாது. ஐம்பத்தைந்தில் மழை பொய்த்ததால் அடுத்த வருஷம் ஒருவரும் குழிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அறுப்பு நெருங்கட்டும், அப்போது திறந்தால் கேட்க வருபவர் குறைவு என்று எல்லோருக்கும் ஒரே கணக்கு. என் கணவர் நாராயணப்பனுக்கும் அதேதான்.

ஐம்பத்தாறில் மழை கொட்டித் தீர்த்தது. ஜவளகிரிக்குப் போகும் புது ரோட்டை மேடாகப் போட்டிருந்ததால், ஓடிப்போக வேண்டிய தண்ணீர் களத்துமேட்டின் அடியில் குட்டையாகத் தேங்கியது. நான் நேராக ரோடு போடும் ஓவர்சீயர் அருள்ஜோசப்பிடம் போனேன்.

"தண்ணிக்கு வழி விடுங்க சார்."

"விடறேம்மா, ரோட்டுக்கு அடியில பதிக்கிற குழாய் வரட்டும். தண்ணி பள்ளத்துல இருக்குது, உங்க ராகி மேட்டுல இருக்குது. எதுக்கு பயம்?"

அவருடைய ஆட்கள் இன்னும் போடாத பக்கத்தில் ரோட்டு மண்ணுக்கு அடியில் ஜல்லி பரப்பிக்கொண்டிருந்தார்கள். அது எதற்கு என்று கேட்டேன்.

"கீழ இருக்கிற ஈரம் மேல ஏறக் கூடாதில்ல? ஏறினா ரோடு இளகிடும்."

எனக்கு வந்ததே கோபம்! "உங்க ரோட்டுக்குன்னா ஈரம் ஏறும், எங்க ராகிக்குன்னா ஏறாதா?"

மனிதர் ஜல்லியையும் மேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். சப்பைக்கட்டு கட்டவில்லை. இரண்டு லாந்தர் கண்ணாடிகளோடு எங்கள் வீட்டுக்கே வந்தார். அடியில் துணி கட்டி, ஒன்றில் களத்துமேட்டு மண்ணைப் பொடித்து நிரப்பினார், மற்றதில் சின்ன ஜல்லிக் கல்லை நிரப்பினார். இரண்டையும் தண்ணீர்த் தட்டில் நிறுத்திவிட்டுப் போனார். காலையில் பார்த்தால் கல்லில் ஈரம் விரலளவு கூட ஏறவில்லை. மண்ணோ உச்சிவரை கறுத்திருந்தது.

"மண்ணுல சந்தெல்லாம் மயிரிழை மாதிரி. அது தண்ணிய மேல இழுக்கும். கல்லுல சந்து பெருசு, இழுக்க முடியாது" என்றார் ஓவர்சீயர்.

என் கணவர் நம்பவில்லை. அதே மேட்டில் கைவிட்டுக் கிடந்த எங்கள் பழைய காலிக் குழியை எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. சும்மா இருமே" என்றார்.

"சொட்டாதுங்க. மண்ணு அதைப் புடிச்சு வெச்சுக்கும், வெளிய விடாது. ஆனா மண்ண ஒட்டிக்கிட்டு இருக்கிற ராகிக்கு இறங்கிடும்" என்றார் ஓவர்சீயர்.

நான் அந்தக் குழிக்குள் கையை விட்டுச் சுவரைத் தடவினேன். மண் உள்ளங்கையில் அப்பிக்கொண்டது.

"ராகிக் குழியத் திறக்கணும்" என்றேன்.

"திறந்தா ஊரே முறத்தோட நிக்கும். முதல் ஆளா கெம்பம்மா வருவா."

கெம்பம்மா கூலிக்குக் களை எடுத்துப் பிழைப்பவள். புருஷன் இல்லை, நிலமில்லை, குழியும் இல்லை.

"வந்தா குடுப்போம். மக்கிப்போனா அப்புறம் நம்ம புள்ளைங்களுக்கு எதைக் குடுப்பீங்க?"

எனக்கும் பயம்தான். நான் நினைத்தது தப்பென்றால், என் பிள்ளைகளின் சோற்றை நானே ஊருக்கு அள்ளிக் கொடுத்தவளாவேன். ஆனாலும் கையில் ஒட்டிய மண்ணை விட எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலையில் கடப்பாரையால் மூடியை நானே நெம்பினேன்.

கெட்ட காற்று போகட்டும் என்று மத்தியானம்வரை விட்டு, விளக்கை இறக்கிப் பார்த்து, அது அணையாததைக் கண்ட பிறகு என் கணவர் இறங்கினார். கூடை கூடையாக ராகி வந்தது. எல்லாம் மொறமொறவென்று காய்ந்திருந்தது. வெளியே கெம்பம்மா முறத்தோடு முதல் ஆளாக நிற்க, அவளுக்குப் பின்னால் பாதி ஊர். உள்ளிருந்து என் கணவர் பார்த்த பார்வையில் நான் கூனிக்குறுகிப் போனேன்.

பிறகு அடிக் கூடை வந்தது. ராகி கட்டி கட்டியாக, வெதுவெதுப்பாக, புழுங்கிய நாற்றத்தோடு.

எல்லோருடைய குழியும் அதே மேட்டில்தான். முறத்தைப் போட்டுவிட்டு ஒருவர் ஓடினார், பின்னாலேயே எல்லோரும் ஓடினார்கள். பொழுது சாய்வதற்குள் அத்தனை குழிகளும் திறந்தன. எல்லாவற்றிலும் அடியில்தான் சேதம். மேலே இருந்தது பிழைத்தது.

எல்லா வீட்டிலும் குழி திறந்த நாளாகிவிட்டதால் வீடு வீடாகக் கேட்கப் போனது குழியில்லாத கெம்பம்மா ஒருத்திதான். எந்த வீட்டிலும் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து வந்தாள். "லட்சுமியக்கா, வூட்டுல கால் வைக்க இடமில்ல, அம்புட்டும் ராகி. எனக்கும் ஒரு குழி வேணும். அந்தக் கல்லு சாரைக் கொஞ்சம் கேளேன்."

என் கணவரே சிரித்துவிட்டார். குழாய் வந்து குட்டை வடிந்தது. ஓவர்சீயர் அனுப்பிய வண்டிக் கல்லை அடியில் பரப்பி, களத்துமேட்டில் முதலில் அமைந்த புதுக் குழி கெம்பம்மாவுடையது. மூடிக்கு மண் பூசியபடியே அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"திறக்கிற அன்னிக்கு முறத்தோட வாக்கா. இல்லேன்னு சொல்ல மாட்டேன்."